இரண்டு ஹேடன்கள்: அமெரிக்கக் கல்லூரி கோச்சும் தொலைக்காட்சியும்

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒரு மேசை. அதன்மேல் உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலம் ஒன்று, கோகோ-கோலா பாட்டில் ஒன்று. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முந்தின நாள் ஆட்டத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டே கரகரத்த குரலில் பேசுகிறார். இந்தப் பையன் எந்த ஊர்க்காரன், இவனுடைய அப்பா அம்மா எப்படிப்பட்டவர்கள், இந்த இடத்தில் எதிராளியை எப்படி மடக்கிப் பிடித்தான் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். 1960களிலும் 70களிலும் அலபாமா மாநிலத்து வீடுகளுக்குள் வாராவாரம் வந்த நிகழ்ச்சி இது. சிப்ஸும் கோலாவும் விளம்பரதாரர்களுடையவை. பேசியவர் பால் பிரையன்ட். கரடி என்று பொருள்படும் ‘பேர்’ என்ற பட்டப்பெயரால்தான் நாடு முழுவதும் அவரை அறிந்திருந்தது. 1958 முதல் 1982 வரை அலபாமா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச்சாக இருந்து 6 தேசியப் பட்டங்களை வாங்கிக் கொடுத்தவர்.

பிரையன்ட் தன் கடைசி ஆட்டத்தை 1982 டிசம்பர் 29 அன்று முடித்தார். ஒரு மாதம் முடிவதற்குள், 1983 ஜனவரி 26 அன்று, மாரடைப்பில் இறந்துபோனார். கல்லூரி விளையாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்த மாநிலத்தின் துக்கம் புரிந்திருக்காது. ஒரு மாநிலத்து மக்கள் கால் நூற்றாண்டாகத் தங்கள் வீட்டுப் பெரியவர்போலப் பாவித்த மனிதர் அவர். அப்படிப் பாவிக்க வைத்ததில் அந்த ஞாயிறு மேசைக்குப் பெரும் பங்கு உண்டு.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் பந்தல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதி, விழுந்து, எழுந்து ஓடும் ஆட்டம். அந்த ஆட்டத்திலும் கூடைப்பந்திலும் கல்லூரி அணிகளுக்கு இருக்கும் ரசிகர் கூட்டம் பல இடங்களில் தொழில்முறை அணிகளுக்குக்கூடக் கிடையாது. அலபாமாவில் தொழில்முறை ஃபுட்பால் லீகின் அணி எதுவுமே இல்லை. பல்கலைக்கழக அணிதான் மாநிலத்தின் அணி. ‘கோச்’ என்பதும் அங்கே வேலையின் பெயரோடு நிற்காது, விளிப்பெயரும் ஆகிவிடும். இருபது வயதில் அவரிடம் ஆடியவர் அறுபது வயதில் பெரிய பதவியில் இருந்தாலும் ‘கோச்’ என்றுதான் கூப்பிடுவார். நம்மிடம் ‘வாத்தியார்’ என்ற சொல் வகுப்பறையைத் தாண்டியும் ஒருவரோடு ஒட்டிக்கொள்வதைப் போல.

தொலைக்காட்சித் தொடர்கள் இந்தப் பாசத்தை அழகாகக் காட்டிவிட்டன. அந்தப் பாசத்தின் அடியில் ஓடும் பணத்தையும், அதைவிட முக்கியமாக, நிஜக் கோச்சுகள் வாழ்க்கையில் உண்மையிலேயே பெரிதாக நின்ற தருணங்களையும் அவை பெரும்பாலும் தொடவில்லை. இந்த இரண்டாவது குறைதான் எனக்கு வருத்தம்.

முதலில் பணம். மாநிலப் பல்கலைக்கழகத்தின் கோச் அரசு ஊழியர். 50 மாநிலங்களில் ஏறத்தாழ 40இல், மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஒரு ஃபுட்பால் அல்லது கூடைப்பந்து கோச்தான். ஆளுநரைவிட, பல்கலைக்கழகத் தலைவரைவிடப் பல மடங்கு. இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ. கூடைப்பந்து அணியை 12 ஆண்டுகளில் 10 முறை தேசியப் பட்டத்துக்கு அழைத்துச் சென்ற ஜான் வுடன் 1975இல் ஓய்வு பெற்றபோது, அவருடைய ஆண்டுச் சம்பளம் ஒருபோதும் 35,000 டாலரைத் தாண்டியிருக்கவில்லை. ஆங்கில ஆசிரியராகத் தொடங்கியவர். புதிதாக வரும் வீரர்களுக்கு முதல் பாடமாகக் காலுறையைச் சுருக்கமில்லாமல் மாட்டக் கற்றுக்கொடுத்தவர். அலபாமாவின் நிக் சேபன் தம் கடைசி ஆண்டுகளில் வாங்கியது 1 கோடியே 10 லட்சம் டாலருக்கும் மேல். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் இரண்டும் வெவ்வேறு உலகங்கள்.

நடுவில் நடந்தது ஒரு வழக்கு. 1984 வரை எந்தக் கல்லூரியின் ஃபுட்பால் ஆட்டம் எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை, கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கமே தீர்மானித்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் தரப்பு இதை எதிர்த்து வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் சங்கத்தின் பிடியை உடைத்தது. அதில் மாறுபட்டு நின்ற இருவரில் ஒருவரான நீதிபதி பைரன் வைட், தம் இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஃபுட்பால் வீரர். கட்டுப்பாடு போய்விட்டால் கல்லூரி ஆட்டம் முழுக்க வணிகமாகிவிடும் என்பது அவருடைய கவலை. அவர் அஞ்சியதுதான் நடந்தது.

தீர்ப்புக்குப் பின் ஒளிபரப்புப் பணம் கொட்டியது. ஆடவர் கூடைப்பந்துப் போட்டித் தொடருக்கு மட்டும் 2010இல் கையெழுத்தான 14 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 1,080 கோடி டாலர். ஆனால் ஆடும் மாணவருக்கு ஸ்காலர்ஷிப்பைத் தாண்டி எதுவும் தரக்கூடாது என்பது விதி. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், அவ்வளவே. வந்த பணம் எங்காவது போயாக வேண்டுமே. பளிங்கு பதித்த உடைமாற்றும் அறைகளுக்குப் போனது, அரங்கங்களுக்குப் போனது, கோச்சுக்குப் போனது. 1970களின் இறுதியிலிருந்தே காலணி நிறுவனமான நைக்கி கூடைப்பந்து கோச்சுகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தது. காலணி மாணவர்களின் காலில், காசோலை கோச்சின் பெயரில். வேலையை விட்டு அனுப்பினாலும் பணம் நிற்பதில்லை. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரைப் பாதி ஒப்பந்தத்தில் நீக்கியபோது அவருக்குத் தர ஒப்புக்கொண்டிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல்.

இனி தொடர்கள். கல்லூரி கோச்சை நாயகனாக வைத்து அதிக காலம் ஓடியது ஏ.பி.சி. தொலைக்காட்சியின் ‘கோச்’. 1989 முதல் 1997 வரை 9 பருவங்கள். மினசோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற கற்பனைக் கல்லூரியின் கோச் ஹேடன் ஃபாக்ஸாக கிரெய்க் டி. நெல்சன் நடித்தார், அதற்கு எம்மி விருதும் வாங்கினார். முரட்டு மனிதர், ஏரிக்கரையில் மரவீடு, விவாகரத்தானவர், பல ஆண்டுகள் பிரிந்திருந்த மகள் இவர் வேலை பார்க்கும் கல்லூரியிலேயே படிக்க வருகிறாள். காதலி ஒரு தொலைக்காட்சி விளையாட்டுச் செய்தியாளர். கூடவே வெள்ளந்தியான இரண்டு துணைக் கோச்சுகள். கதையின் எடை முழுவதும் வீட்டில்தான்; மகளிடம் தகப்பனாக இருக்க ஒரு கோச் தடுமாறிக் கற்றுக்கொள்வதே தொடரின் உயிர். அதை நன்றாகவே செய்தார்கள்.

பின்னால் வந்தவையும் அந்தத் தகப்பன் வடிவத்தையே கையில் எடுத்தன. 2006 முதல் 2011 வரை வந்த ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ டெக்சஸின் பள்ளி கோச் எரிக் டெய்லரைப் பற்றியது. கல்லூரி வேலை கிடைத்துப் போனவர் சில அத்தியாயங்களிலேயே குடும்பத்துக்காகத் திரும்பி வந்துவிடுகிறார். கடைசியில் மனைவிக்கு ஃபிலடெல்ஃபியா கல்லூரியில் வேலை கிடைக்க, தன் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு அவளோடு போகிறார். 2020இல் தொடங்கிய ‘டெட் லாஸோ’வின் நாயகன் இங்கிலாந்துக்குப் போகும் முன் கன்சாஸில் விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச்சாக இருந்தவர் என்று கதை சொல்கிறது. நிஜத்தில் அந்தப் பல்கலைக்கழகம் 1986 பருவத்தோடு தன் ஃபுட்பால் அணியையே மூடிவிட்டது. 1970இல் அந்த அணியினர் போன விமானம் கொலராடோ மலையில் விழுந்து கோச் பென் வில்சன் உட்பட 31 பேர் இறந்தார்கள். கற்பனைக் கோச்சுக்குப் பிறந்த இடமாக எழுத்தாளர்கள் தேர்ந்தெடுத்த ஊருக்குள் இப்படி ஒரு நிஜமும் புதைந்து கிடக்கிறது.

ஹேடன் ஃபாக்ஸ் என்ற பெயரும் சும்மா வந்ததில்லை. ‘கோச்’ தொடரை உருவாக்கிய பேரி கெம்ப் அயோவா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே 1979 முதல் 1998 வரை கோச்சாக இருந்த ஹேடன் ஃப்ரையின் பெயரைத்தான் தன் நாயகனுக்கு வைத்தார். தொடரின் நாயகனைவிட அந்த நிஜ ஹேடன் பல மடங்கு சுவாரசியமானவர்.

ஃப்ரை டெக்சஸ்காரர், பழைய கடற்படைக் காலாட்படை வீரர், உளவியல் பட்டதாரி. அயோவாவுக்கு அவர் வந்தபோது அந்த அணி 17 ஆண்டுகளாகத் தோல்வியைவிட அதிக வெற்றி கண்ட ஒரு பருவத்தையும் பார்த்ததில்லை. மூன்றாவது ஆண்டிலேயே ரோஸ் பவுல் என்ற பெரும் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். எதிரணி உடைமாற்றும் அறைக்கு இளஞ்சிவப்புச் சாயம் அடிக்க வைத்ததும் அவர்தான். அந்த நிறம் ஆளைச் சாந்தப்படுத்தும் என்று எங்கோ படித்திருந்தாராம். 1980களில் அமெரிக்க விவசாயிகள் கடனில் மூழ்கி நிலங்களை இழந்துகொண்டிருந்த நேரத்தில், 1985இல், ‘அமெரிக்காவுக்கு விவசாயிகள் தேவை’ என்பதன் மூன்று முதலெழுத்துகளைத் தன் வீரர்களின் தலைக்கவசத்தில் ஒட்டி ஆடவிட்டார். ஆட்டம் ஒளிபரப்பான வீடுகளுக்கெல்லாம் அந்த எழுத்துகளும் போய்ச் சேர்ந்தன. தொலைக்காட்சியை ஒரு கோச் இதைவிட நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தி நான் அறிந்ததில்லை.

ஆனால் ஃப்ரையின் பெரிய கதை அயோவாவுக்கு முந்தியது. 1960களின் தொடக்கத்தில் டல்லஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் அவரைக் கோச்சாக அழைத்தது. கறுப்பின மாணவர்களை அணியில் சேர்க்க அனுமதித்தால்தான் வருவேன் என்று அவர் நிபந்தனை வைத்தார். அன்றைக்கு டெக்சஸ் பல்கலைக்கழகங்கள் ஆடிய தென்மேற்குக் குழுமத்தில் ஸ்காலர்ஷிப் பெற்ற கறுப்பின ஃபுட்பால் வீரர் ஒருவர்கூட இல்லை. 1965இல் போமாண்ட் நகரத்திலிருந்து ஜெரி லெவையஸ் என்ற, உருவத்தில் சிறிய, வேகத்தில் பெரிய மாணவரை ஃப்ரை சேர்த்தார். (பேலர் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்த ஜான் வெஸ்ட்புரூக் 1966இல் லெவையஸுக்கு ஒரு வாரம் முன்பே களமிறங்கினார். அந்தப் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

1966இலேயே ஃப்ரையின் அணி குழுமப் பட்டத்தை வென்றது; 18 ஆண்டுகளுக்குப் பின் முதல் முறை. லெவையஸுக்கு வந்த தபாலில் கொலை மிரட்டல்கள் இருந்தன. மறைந்திருந்து சுடுவோம் என்ற மிரட்டலுக்கு நடுவே அவர் ஆட வேண்டியிருந்தது. ஃப்ரைக்கும் வசைக் கடிதங்கள் வந்தன. வளாகத்திலும் அந்தப் பையனுக்கு நிம்மதி இல்லை. கூட ஆடியவர்களிலேயே ஒதுக்கி வைத்தவர்கள் இருந்தார்கள்.

1968இல் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவர் லெவையஸின் முகத்தில் துப்பினார். மூன்று ஆண்டுகள் பொறுத்தவர் அன்றைக்கு உடைந்தார். தலைக்கவசத்தை வீசிவிட்டு, இனி ஆட மாட்டேன் என்று பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். ஃப்ரை பக்கத்தில் போய் அமர்ந்து பேசினார். கொஞ்ச நேரத்தில் லெவையஸ் எழுந்து களத்துக்குப் போனார். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 89 கெஜம் ஓடினார். வென்றது அவர் அணி.

எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுத ஏங்கும் காட்சி இது. ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்த ஓட்டத்தோடு வலி தீரவில்லை. அந்த மூன்று ஆண்டுகளின் காயம் பல பத்தாண்டுகள் தன்னைவிட்டுப் போகவில்லை என்று லெவையஸ் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கதவைத் திறந்தவர் கோச் என்றாலும் அதன் வழியே நடந்து அடி வாங்கியவர் பத்தொன்பது, இருபது வயதுப் பையன். தகப்பன் போன்ற கோச்சின் கதையாக மட்டும் இதைச் சொன்னால், பாரத்தைச் சுமந்தவனை மறந்தவர்களாவோம். ஃப்ரையும் லெவையஸும் 2003இல் ஒரே ஆண்டில் கல்லூரி ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

அதே பல்கலைக்கழகத்தின் பெயர் பின்னால் வேறொரு காரணத்துக்காகவும் வரலாற்றில் பதிந்தது. 1986 நவம்பரில் டல்லஸ் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, அங்கே வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் போவதை முன்னாள் வீரர் ஒருவரின் பேட்டியோடு அம்பலப்படுத்தியது. 13 வீரர்களுக்குச் சுமார் 61,000 டாலர் போயிருந்தது. 1987இல் என்.சி.ஏ.ஏ. அந்த அணியையே ஒரு முழுப் பருவத்துக்கு நிறுத்தியது. அடுத்த பருவத்தையும் பல்கலைக்கழகமே கைவிட்டது. ‘மரண தண்டனை’ என்றே அதற்குப் பெயர். அணி மீண்டும் களம் கண்டது 1989இல். ‘கோச்’ ஒளிபரப்பாகத் தொடங்கிய அதே ஆண்டு.

அந்த 61,000 டாலரை இன்றைய கணக்கோடு வைத்துப் பாருங்கள். 2021 ஜூலையிலிருந்து மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரச ஒப்பந்தப்படி, பல்கலைக்கழகமே தன் வீரர்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம். 1987இல் ஓர் அணியையே அழித்த குற்றம் இப்போது வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி. எனக்கு இதில் தயக்கமே இல்லை: இது நியாயம், மிகத் தாமதமாக வந்த நியாயம். கோச்சின் வேலையை இது புரட்டிப் போட்டிருக்கிறது என்பதும் உண்மை. முன்பு வீடு வீடாகப் போய்த் தாயாரின் சமையலறையில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்துப் பையனைச் சேர்த்தவர்கள், இப்போது ஒவ்வோராண்டும் தங்கள் வீரர்களையே மறுபடி பேசித் தக்கவைக்க வேண்டியிருக்கிறது. 7 தேசியப் பட்டங்கள் வென்ற சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். மார்ச்சில் வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூட்டிய கலந்துரையாடலில் இந்தப் புதிய முறையைப் பற்றிய தன் கவலைகளைச் சொன்னார். இலையுதிர்காலத்தில் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியில் உட்கார்ந்திருந்தார்.

எழுதப்பட்ட கதை இல்லாமல் கேமரா தானாகப் பிடித்த கோச்சுகளும் உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வுடி ஹேஸ் 1978 டிசம்பர் 29 அன்று, நாடு பார்த்துக்கொண்டிருந்தபோதே எதிரணி வீரரைக் கழுத்தில் குத்தினார். மறுநாள் வேலை போயிற்று. இந்தியானாவின் கூடைப்பந்து கோச் பாபி நைட் 1985இல் கோபத்தில் நாற்காலியைத் தூக்கி ஆடுகளத்தின் குறுக்கே எறிந்தார், வேலை போகவில்லை. பயிற்சியின்போது வீரரின் கழுத்தில் அவர் கை வைத்த பழைய பதிவு 2000இல் சி.என்.என். தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் பல்கலைக்கழகம் எச்சரித்தது; செப்டம்பரில் நீக்கியது. 2008இல் ஈ.எஸ்.பி.என். அவரை வர்ணனையாளராக எடுத்துக்கொண்டது. வெல்லும் கோச்சின் கோபத்தைக் ‘குணம்’ என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியதில் தொலைக்காட்சிக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2016இல் நெட்ஃப்ளிக்ஸில் தொடங்கிய ‘லாஸ்ட் சான்ஸ் யு’ ஆவணத் தொடர் இந்த வகையில் நேர்மையானது. பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்காதவர்கள் சேரும் இரண்டாண்டுக் கல்லூரிகளுக்குள் அது போனது. கன்சாஸ் கல்லூரிக் கோச் ஜேசன் பிரவுனின் வசைமொழியையும் காட்டியது. ஜெர்மனியிலிருந்து வந்த மாணவருக்குத் தன்னை ஹிட்லரோடு ஒப்பிட்டு அனுப்பிய குறுஞ்செய்தியால் அவர் 2019இல் பதவி விலக நேர்ந்தது. 2020இல் வந்த பருவம் ஓக்லண்டின் லேனி கல்லூரியில் ஜான் பீமைக் காட்டியது. வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் காரில் படுத்துறங்கும் மாணவரும், அவரை விட்டுவிடாத கோச்சும். 40 ஆண்டுகளுக்கு மேல் அந்த நகரத்துப் பையன்களோடு இருந்த பீம், 2025 நவம்பரில் கல்லூரி வளாகத்திலேயே சுடப்பட்டு இறந்தார்.

பெண்களைப் பற்றி இதுவரை நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. நான் பார்த்த எந்தத் தொடரின் நாயகியும் கல்லூரி கோச் இல்லை. பாட் சம்மிட் 1974இல் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியை ஏற்றபோது அவருக்கு 22 வயது. மாதம் 250 டாலர். அணியின் வேனை அவரே ஓட்டினார், சீருடைகளை அவரே துவைத்தார். அந்தச் சீருடைகளும் முந்தின ஆண்டு டோனட் விற்றுச் சேர்த்த காசில் வாங்கியவை. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1972இல் வந்துவிட்டது. ஆனால் பெண்களுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டியை என்.சி.ஏ.ஏ. நடத்தத் தொடங்கியதே 1982இல்தான். பெண்கள் அணிகளுக்குப் பணம் வரத் தொடங்கியதும் அந்த வேலைகளுக்கு ஆண்களும் வந்தார்கள். 1972இல் பெண்கள் அணிகளின் கோச்சுகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்; இன்று பாதிக்கும் குறைவு.

சம்மிட் 38 ஆண்டுகள் இருந்தார். 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். அவரிடம் முழுக் காலமும் ஆடிய ஒவ்வொரு மாணவியும் பட்டம் வாங்கினார். 2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் நோய் தொடங்கிவிட்டதை அவரே பொதுவில் அறிவித்தார். அறிவித்த பிறகும் ஒரு பருவம் பெஞ்சை விட்டுப் போகவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஆட்ட நேரப் பொறுப்புகளில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டவர் துணைக் கோச் ஹோலி வார்லிக். 1976இல் சம்மிட்டிடம் ஆட வந்த பெண்.